கல்லூரி நூலகத்துக்குப் பாட்காஸ்ட் எதற்கு, எப்படி: ஒரு நூலகரின் நீண்ட பதில்

கேள்வி இது: "அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். நூலகம் சார்பில் பாட்காஸ்ட் தொடங்கச் சொல்கிறார் முதல்வர். அடுத்த வருடம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது. மாணவர்கள் இதையெல்லாம் கேட்பார்களா? எதைப் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, என்ன செலவாகும்?"

நாக் குழுவுக்குக் காட்ட மட்டும்தான் என்றால் வேலை சுலபம். ஆறு எபிசோடு பதிவு செய்யுங்கள். தொடக்க விழாவுக்கு ஒரு ஃபோட்டோ, கேட்டவர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், 'பெஸ்ட் பிராக்டிஸ்' தலைப்பில் இரண்டு பக்கம். முடிந்தது. குழு திரும்பிப் போன பிறகும் அது ஓட வேண்டும், அதைக் கேட்டுவிட்டு நாலு பிள்ளைகளாவது நூலகத்துக்குள் வர வேண்டும் என்று நினைத்தால் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். செய்யக்கூடாதது எல்லாம் அதில் இருக்கிறது. நான் போட்ட முதல் எபிசோடு 22 நிமிடம். தொடக்கத்தில் ஒரு நிமிடம் வீணை. பிறகு முதல்வரின் வாழ்த்துரை. பிறகு நூலகம் எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை ஆயிரம் புத்தகம், எத்தனை நாற்காலி. கடைசி எட்டு நிமிடம், கல்லூரிகளுக்கு மின்னூலும் ஆய்விதழும் தரும் என்-லிஸ்ட் தளத்துக்குள் எப்படி நுழைவது என்று பாடம். "வலது மேல்மூலையில் லாகின் என்று ஒரு பொத்தான் தெரியும், அதை அழுத்தவும், அடுத்து வரும் பெட்டியில்..." இணைய முகவரியைக்கூட எழுத்தெழுத்தாக வாசித்தேன், நடுவில் வரும் புள்ளி, சாய்கோடு உட்பட. முழுதாகக் கேட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல்வர். இன்னொருவர் என் மனைவி. "ஏங்க, ஏன் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கே தப்பு நடந்தது என்று புரிய ஒரு செமஸ்டர் ஆனது. கேட்கிற பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு கை பஸ் கம்பியில், இன்னொரு கையில் பை. இல்லாவிட்டால் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருப்பான். அவனிடம் போய் "வலது மூலையில் அழுத்து" என்றால் எதை அழுத்துவான்? திரையில் காட்ட வேண்டியதைக் காதில் ஊதியதுதான் நான் செய்த வேலை.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் டேனியல், வூடி என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பாடத்தைச் சில மாணவர்கள் அச்சில் படித்தார்கள், சிலர் பாட்காஸ்டாகக் கேட்டார்கள். பிறகு வைத்த தேர்வில் படித்தவர்களின் சராசரி 81 சதவீதம், கேட்டவர்களின் சராசரி 59. படிக்கும்போது புரியாத வரிக்குக் கண் தானாகத் திரும்பிப் போகும். காதுக்கு அந்த வசதி இல்லை. பின்னால் ஓட்டிக் கேட்கலாம்தான், ஆனால் யாரும் ஓட்டுவதில்லை. இதற்கு நேர்மாறாக ஓராண்டு முன்பு, 2009-ல் வந்த இன்னோர் ஆய்வில், வகுப்புக்கு வந்தவர்களைவிடப் பாட்காஸ்டில் பாடம் கேட்டவர்கள் அதிக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் ஸ்லைடும் இருந்தது, குறிப்பும் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, குரலை மட்டும் நம்பி நுட்பமான பாடம் நடத்தக்கூடாது, பக்கத்தில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்பது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல பழைய உதாரணம் உண்டு. 1960-களில் திருச்சி வானொலியின் விவசாய ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் ஏடிடி 27 நெல்லுக்கு மாறினார்கள். அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது. வானொலி என்ன செய்தது? இப்படி ஒரு நெல் இருக்கிறது, உன்னைப் போன்ற ஓர் ஆள் போட்டுப் பார்த்திருக்கிறான், போய் விசாரி என்றது. வயலில் இறங்கிக் காட்ட வேறு ஆட்கள் இருந்தார்கள். அதற்கும் முன்னால் 1956-ல் புனே பக்கம் சுமார் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றம் நடத்திப் பார்த்தார்கள். ஊரார் கூட்டமாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்டு, முடிந்ததும் அதைப் பற்றிப் பேச வேண்டும். தனியே கேட்டுவிட்டு எழுந்து போவதற்கும் இதற்கும் இருந்த வித்தியாசத்தைத்தான் அந்தச் சோதனை எடுத்துக்காட்டியது. உங்கள் பாட்காஸ்டும் அந்த ரேடியோ மாதிரி இருக்கட்டும். வயலில் இறங்கும் வேலையை நூலகக் கவுண்டரும், கம்ப்யூட்டர் லேபும், ஒரு பக்கக் கையேடும் பார்த்துக்கொள்ளும்.

அப்படியென்றால் குரலுக்கு என்ன வேலை? கூச்சத்தைப் போக்குவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் கல்லூரிகளில் நிறையப் பேர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. ப்ளஸ் டூ வரை நூலகம் என்பது பூட்டிய பீரோ. இங்கே வந்தால் ஓபாக் என்கிறார்கள், கால் நம்பர் என்கிறார்கள், இ-ரிசோர்ஸ் என்கிறார்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்பதே இல்லை. கவுண்டருக்கு இரண்டு முறை வந்து, நான் நிமிர்ந்து பார்த்ததும் பேப்பர் ஸ்டாண்டுப் பக்கம் நகர்ந்துவிடும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை, அதே கேள்வியை வேறொரு பிள்ளை கேட்பதையும், நூலகர் சிரிக்காமல் பதில் சொல்வதையும் ஹெட்போனில் கேட்டுவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். வந்தவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கும் ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்று நம் படிப்பில் ஒரு பாடம் உண்டே, அதை ஒட்டுக்கேட்க விடுவதுதான் நூலகப் பாட்காஸ்ட் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

ஓர் எபிசோடின் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன். எம்.ஏ. மாணவி ஒருத்தி கவுண்டரில் கேட்டதை, அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி மறுபடி பேசிப் பதிவு செய்தோம்.

"சார், கூகுள்ல தேடிட்டேன் சார். ஒண்ணுமே வரல."

"என்னம்மா போட்டுத் தேடின?"

"ப்ராஜெக்ட் டைட்டில்தான் சார். 'தூத்துக்குடி மாவட்ட உப்பளங்களில் பணிபுரியும் பெண் தொழிலாளர்களின் உடல்நலப் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு'ன்னு."

"முழுசாவா?"

"ஆமா சார், முழுசா."

"இதே டைட்டில்ல ஏற்கெனவே ஒருத்தர் எழுதிவெச்சிருந்தா, அப்புறம் உனக்கு எதுக்கும்மா டிகிரி?"

(சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பை வெட்டாதீர்கள்.)

"சரி, இந்தத் தலைப்புல எத்தனை விஷயம் இருக்கு, விரல் விட்டுச் சொல்லு."

"உப்பளம்... பெண்கள்... உடல்நலம். தூத்துக்குடி. நாலு சார்."

"நாலையும் ஒண்ணாப் போட்டா வலை ரொம்பச் சின்னதாயிடும். ஊரை முதல்ல விட்ரு. உப்பளம் குஜராத்துலயும் இருக்கு, ராஜஸ்தான்லயும் இருக்கு. அங்க கண்ணு எரியாதா, கால் புண்ணாகாதா? இப்ப உப்பளத்துக்கு இங்கிலீஷ்ல என்ன போடுவ?"

"சால்ட் பேன் சார்."

"இன்னொருத்தர் 'சால்ட் ஒர்க்கர்ஸ்'னு எழுதியிருப்பார். டாக்டர்னா 'ஆக்குபேஷனல் ஹெல்த்'னு எழுதியிருப்பார். உன் வார்த்தைல தேடாத, எழுதினவர் வார்த்தைல தேடு."

அவ்வளவுதான். இந்தப் பகுதி மூன்று நிமிடம்கூட வராது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இதில் ஒரு சொல் இல்லை. ஆனால் தேடுவது என்றால் என்ன என்பது உள்ளே போய்விடுகிறது. அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2016-ல் ஏற்றுக்கொண்ட தகவல் அறிவுச் சட்டகத்தில், அதாவது தகவலைத் தேடவும் எடைபோடவும் பயன்படுத்தவும் கற்றுத்தருவதற்கான வழிகாட்டியில், ஆறு கருத்துகள் உண்டு. தேடல் என்பது உத்தியோடு துழாவிப் பார்ப்பது என்பது அதில் ஒன்று. அந்த வாக்கியத்தை வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், யாருக்கும் ஒட்டவில்லை. உப்பளத்துப் பேச்சு ஒட்டியது. அந்த ஆறையும் ஆறு எபிசோடாக்கலாம், தாராளமாக. ஆனால் சட்டகத்தின் பெயரை மைக்கில் சொல்லாதீர்கள்.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். பாட்காஸ்ட் என்றதும் சிலர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சிலர் பட்டிமன்றத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். கவுண்டரில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படிப் பேசுங்கள். உங்கள் ஊர் நெல்லை என்றால் நெல்லைத் தமிழ், கோவை என்றால் கோவைத் தமிழ், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கலைச்சொல் வருமிடத்தில் மட்டும் நின்று உடைத்துச் சொல்லுங்கள். ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையை வெளியிடும் முன் செய்யும் 'பியர் ரிவ்யூ' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். துறைசார் வல்லுநர் மதிப்பாய்வு என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. நான் சொன்னது இப்படி: "ஊர்ல வீடு கட்டறவர் பிளானை எடுத்துட்டு வந்து, தன் பேரைச் சொல்லாம, அதே வேலை தெரிஞ்ச ரெண்டு கொத்தனார்கிட்ட காட்டறாங்கன்னு வெச்சுக்கங்க. 'இந்தச் சுவர் நிக்காது, இந்த ஜன்னல் எதுக்கு'ன்னு அவங்க கேள்வி கேட்டு, இவர் திருத்திக் கொண்டுவந்த பிறகுதான் கட்ட விடுவாங்க. கொத்தனாரும் சில சமயம் தப்பு பண்ணுவார். ஆனா யாருமே பார்க்காத பிளானைவிட இது மேல்." ஒரு வணிகவியல் பையன் வைவாவில் இந்தக் கொத்தனாரைச் சொல்லி விளக்கினானாம். துறைத்தலைவர் என்னிடம் வந்து புகார் மாதிரிதான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க ஒரே குஷி.

எதைப் பேசுவது என்று பட்டியல் போட்டுத் தர மாட்டேன். உங்கள் கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள், ஒரு மாதம் வருகிற கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். அதிகம் வருகிற ஆறு கேள்விதான் உங்கள் முதல் சீசன். எங்களிடம் எப்போதும் முதலில் நின்றது, "சிமிலாரிட்டி பத்து பர்சென்ட் வரைக்கும் விடுவாங்களா சார்?" பிறர் எழுத்தோடு நம் எழுத்து ஒத்துப்போகும் அளவைத்தான் சிமிலாரிட்டி என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பத்து வரை தண்டனை இல்லை என்பது பதில். ஆனால் பத்து சதவீதம் காப்பியடிக்க அனுமதி என்று பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்தக் குழப்பத்தைப் பேசித்தான் தீர்க்க முடியும்.

சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கைக் குரலில் ஏற்றாதீர்கள். தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன யுஜிசி கேர் பட்டியலைப் பற்றி உழைத்துச் செய்த ஓர் எபிசோடு என்னிடம் இருந்தது. 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டது. அந்த எபிசோடை எடுத்துவிட்டேன், அதற்குள் யார் யார் ஃபோனில் இறங்கியிருந்ததோ தெரியாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 ஜனவரியில் வந்தபோது அனுபவம் கைகொடுத்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன என்ற சேதியை மட்டும் பேசினோம். எந்த நிறுவனத்துக்கு உண்டு, எப்படி நுழைவது என்பதெல்லாம் குறிப்புப் பக்கத்தில். அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் மாதத்தையும் வருடத்தையும் சொல்லிவிடுங்கள்.

நூலகத்தை நோக்கி ஆட்களை ஈர்ப்பது தனி வேலை. அதற்குக் கதை வேண்டும். நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசை எண் போட்டுப் பதிந்த உங்கள் பழைய அக்சஷன் ரெஜிஸ்டரின் முதல் வால்யூமை எடுங்கள். அக்சஷன் நம்பர் ஒன்று எந்தப் புத்தகம்? எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினார்கள்? இன்னும் அலமாரியில் இருக்கிறதா, 'வித்ட்ரான்' என்று சிவப்பு மையில் அடித்திருக்கிறார்களா? இதைத் தேடி நானும் ஸ்டாக் அட்டெண்டர் அண்ணனும் மாடிக்கும் கீழுக்கும் அலைந்ததையே ஓர் எபிசோடாகப் போட்டோம், மூச்சு வாங்குவது உட்பட. வெளியே போன பழைய மாணவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டு எழுதினார்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழில் ஏராளம், அவற்றிலிருந்து உரிமைச் சிக்கல் இல்லாமல் வாசிக்கலாம். மற்ற நூல்களில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை காப்புரிமை நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்னணியில் சினிமாப் பாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அரை நிமிடம்தானே என்று போட்டால் அந்த எபிசோடையே தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள்.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால் நான் காட்டுவது அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் நூலகர்கள் நடத்தும் 'லாஸ்ட் இன் தி ஸ்டாக்ஸ்'. 2010 முதல் அங்குள்ள மாணவர் வானொலியான ரெக் நிலையத்தில் வாரா வாரம் வருகிறது. நூலகப் பேட்டியும் அதற்குப் பொருத்தமான ராக் பாட்டும் கலந்த ஒரு மணி நேரம். கேட்கப் பொறாமையாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து வாராந்திரம் தொடங்கிவிடாதீர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது, நமக்குப் பின்னால் நோ டியூ சர்ட்டிபிகேட் க்யூ இருக்கிறது. 2005-ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸுக்குள் பாட்காஸ்ட் நுழைந்த பிறகு எத்தனையோ பல்கலைக்கழக நூலகங்கள் உற்சாகமாகத் தொடங்கி, ஏழெட்டு எபிசோடில் சத்தமில்லாமல் நிறுத்தின. இதற்கு 'பாட்ஃபேட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். செமஸ்டருக்கு ஆறு எபிசோடு, பிறகு விடுமுறை என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் நின்றுபோனது என்று யாரும் சொல்ல முடியாது.

நீளம் எட்டு நிமிடம். நூலகவியலின் ஐந்து விதிகளில் நாலாவதாக வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று எழுதிய ரங்கநாதனை இழுக்காமல் எந்த நூலகரும் ஒரு பதிலை முடிப்பதில்லை, நானும் இழுத்துவிட்டேன். அதே மனிதர், 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியபோது உடன் நின்றவர். வண்டி எந்தத் தெருவில் நிற்கும் என்பது தெரிந்தால்தான் ஆள் வரும். பாட்காஸ்டுக்கும் அதே கதைதான். கல்லூரி இணையதளத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். பாட ஆசிரியரைப் பிடியுங்கள். ப்ராஜெக்ட் அறிவிப்புத் தாளிலேயே "தலைப்பு கொடுப்பதற்கு முன் நூலகத்தின் மூன்றாவது எபிசோடைக் கேட்டு வரவும்" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். வகுப்பில் முதல் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேச உங்களைக் கூப்பிடட்டும். நான் செய்த எல்லாவற்றிலும் பலன் தந்தது இந்த ஒரு வரிதான். அடுத்து கியூஆர் கோடு. நூலக வாசலில் ஒட்டாதீர்கள், வாசல் வரை வந்தவனுக்கு அது எதற்கு? மெஸ் க்யூவில், ஜெராக்ஸ் கடையில், பஸ் ஏறும் இடத்தில் ஒட்டுங்கள். கல்லூரி பஸ்ஸில் ஸ்பீக்கரில் ஓடவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. டிரைவர் அண்ணன் ஒரே பார்வையில் அந்த யோசனையை முடித்துவைத்தார்.

பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: ஸ்டாக் ரூம். இரண்டு பக்கமும் புத்தகம் நிறைந்த அலமாரிகளுக்கு நடுவே நின்று கை தட்டிப் பாருங்கள், எதிரொலியே வராது. காகிதம் அத்தனையையும் குடித்துவிடும். மாலை நூலகம் மூடியபின் பதிவு செய்யுங்கள். ஃபேனை அணைத்தே ஆக வேண்டும், வியர்த்தாலும் சரி. ட்யூப்லைட் சோக் ரீங்காரமும் விழும், அதைத் தள்ளி நில்லுங்கள். பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த மௌனத்தைக் காட்டித்தான் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பின்னணி இரைச்சலைக் குறைக்க முடியும். குறைக்கிறேன் என்று அளவுக்கு மேல் இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை. மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆகச் சேமித்தால் எட்டு நிமிடம் 4 எம்பிகூட வராது. டேட்டா முடிந்துபோன பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

எங்கே வைப்பது? பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஒலிக்கோப்பும், அது எங்கே இருக்கிறது என்று செயலிகளுக்குச் சொல்கிற ஆர்எஸ்எஸ் ஓடையும்தான். ஓடையை எந்த இலவசச் சேவையில் வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஆனால் மூலக்கோப்புகளை உங்கள் கல்லூரியின் டிஸ்பேஸ் என்ற மின்களஞ்சியத்தில் தேதி, பேசியவர், பொருள் எல்லாம் போட்டு வையுங்கள். பல்கலைக்கழகங்கள் பாடங்களைக் கொண்டுபோய்க் குவித்த ஐட்யூன்ஸ் யு 2021-ஓடு மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் போனது. கடை மூடுவது அவர்கள் இஷ்டம், நம் சரக்கு நம் வீட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வகுப்புக் குழுக்களுக்கு அனுப்புவதுதான் நடைமுறையில் அதிகம் போய்ச் சேரும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்குத் தெரியாது, அந்தக் குறை மட்டும் உண்டு.

எழுத்து வடிவம் இல்லாமல் எபிசோடு வெளியே போகக் கூடாது. காது கேளாத மாணவர் ஒருவர் இருந்தாலும் அது அவருடைய உரிமை, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. மேலே சொன்ன 81-க்கும் 59-க்கும் இடையிலான பள்ளத்தை நிரப்பப் போவதும் அதுதான். பார்வையற்ற மாணவர்களுக்கு ஒலி வரப்பிரசாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒலி இருக்கும் பக்கத்தில் 'ப்ளே' பொத்தானுக்குப் பெயரே கொடுக்காமல் விட்டிருப்பார்கள், திரைவாசிப்பான் அதை வெறும் 'பட்டன்' என்று படிக்கும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம்தான், நிறுவிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாணவர் குரல் வந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதினெட்டு வயது நிரம்பாத முதலாண்டுப் பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்தும்.

முடிந்தால் இரண்டாம் வருடம் மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். 2004-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஐபாட் என்ற பாட்டு கேட்கும் கருவியைக் கொடுத்தது. பாடம் கேட்பார்கள் என்று நினைத்துக் கொடுத்தார்கள். படிப்புக்காகப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தியதோ அதன் பதிவு செய்யும் வசதியைத்தான். ஓர் ஆய்வுக்கட்டுரையை ஐந்து நிமிடத்தில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பேசிக் காட்டு என்று ஒரு அசைன்மென்ட் கொடுத்துப் பாருங்கள். பேச உட்கார்ந்தவுடன்தான் தனக்குப் புரியவில்லை என்பதே பிள்ளைக்குத் தெரியும், ஓடிவருவார்கள்.

இப்போது ஒரு கட்டுரையைக் கொடுத்தால் இரண்டு செயற்கைக் குரல்கள் அதைப் பற்றி அரட்டை அடிக்கிற மாதிரி கூகுளின் நோட்புக்எல்எம் செய்து கொடுத்துவிடுகிறது. படிப்புக்கு அதை மாணவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நூலகத்தின் பாட்காஸ்டுக்கு வேண்டாம். கவுண்டரில் இருக்கும் ஆளின் குரலும் காதில் கேட்ட குரலும் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளை துணிந்து வந்து பேசும்.

பலனை எப்படி அளப்பது என்று முதல்வர் கேட்பார். டவுன்லோட் எண்ணிக்கையை அவருக்குக் கொடுங்கள், நீங்கள் நம்பாதீர்கள். செயலிகள் தானாகவே இறக்கி வைத்துக்கொள்ளும், கேட்டார்களா என்பது வேறு. எபிசோடு வந்த வாரத்தில் அதன் எழுத்துப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள், என்-லிஸ்ட் பயன்பாட்டுக் கணக்கு ஏறியதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட அந்தக் கவுண்டர் நோட்டு. "புக் எங்க சார் இருக்கு?" என்ற கேள்விகள் குறைந்து, "இந்த வார்த்தைக்கு வேற வார்த்தை என்ன சார்?" என்ற கேள்விகள் வர ஆரம்பித்தால் வேலை நடக்கிறது.

செலவு கேட்டிருந்தீர்கள். ஃபோன் உங்களுடையது. சட்டையில் குத்தும் வயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாங்குங்கள், அதோடு இரண்டையும் ஒரே ஃபோனில் செருக ஓர் இணைப்பான். ஆடாசிட்டி இலவசம், ஓடை இலவசம். மிச்சம் எல்லாம் உங்கள் நேரம்: எட்டு நிமிட எபிசோடுக்கு, எழுத்து வடிவத்தையும் சேர்த்து, எனக்கு இப்போதும் ஒரு முழு நாள் ஆகிறது. அந்த நாளை முதல்வரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மைக்குக்கு பில் போடும்போது 'நூலகம்' என்று எழுதச் சொல்லி, ஸ்டாக் ரெஜிஸ்டரில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். நான் ஏற்றவில்லை, ஆடிட்டில் அந்த மைக் யாருடையது என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.